கரடிமலையில் இறங்கியவர்

மழை விட்ட ஒரு காலையில்தான் பிரேமினி அந்தச் சுவட்டை முதலில் கண்டாள்.

வழுக்குப்பாறைக்குக் கீழே செம்மண் நனைந்து பதமாகக் கிடந்தது. அதில் ஒல்லியான டயர் ஒன்று ஓடிய கோடு. அவளுடைய சைக்கிளின் டயர் நாலு விரல் அகலம் வரும், பற்கள் முரடானவை. இதுவோ இரண்டு விரல் அகலங்கூட இல்லை. சந்தைக்குத் தேங்காய் கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஓடுகிற பழைய பெரிய சைக்கிளின் டயர். நன்றாக ஆழப் பதிந்திருந்தது. பின்னால் பாரம் இருந்திருக்க வேண்டும்.

அவள் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுக் குந்தியிருந்து பார்த்தாள். அப்படியொரு சைக்கிள் அந்த இடத்துக்கு வர வழியே இல்லை.

கரடிமலை செட்டிகுளத்துக்கு மேற்கே காட்டுக்குள் இருக்கிறது. மலைநாட்டுக்காரர் பார்த்தால் இதையா மலை என்கிறீர்கள் என்று சிரிப்பார்கள். ஆனால் வயலும் குளமும் காடுமாகத் தட்டையாகக் கிடக்கிற வன்னியில் அந்த உயரமே பெரிய அதிசயம். செட்டிகுளத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அஸ்மினுக்குத்தான் அந்த மலையில் சைக்கிளில் இறங்க ஒரு தடம் வெட்ட வேண்டும் என்ற ஆசை முதலில் வந்தது. வவுனியாவில் இருந்த சைக்கிள் கிளப் ஆதரவு தந்தது. வனப்பகுதிக்காரரிடம் அனுமதியும் கிடைத்தது. தடத்தை வரைய ஆள் தேடியபோது யாரோ பிரேமினியின் பெயரைச் சொன்னார்கள்.

பிரேமினி முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா அல்பேர்ட் இன்னமும் களப்பில் மீன்பிடிக்கப் போகிறார். சண்டை முடிந்தபின் அவள் இருபதுகளில் பல வருடம் கண்ணிவெடி அகற்றும் அணியில் வேலை செய்தாள். அந்த வேலை முடிந்ததும் கண்டிப் பக்கம் போய், வெளிநாட்டுக்காரரை மலைகளில் சைக்கிளில் கூட்டிச் செல்லும் குழுவொன்றில் சேர்ந்தாள். முழங்காலிலும் முழங்கையிலும் தழும்பு வாங்கி, செங்குத்தான சரிவில் சைக்கிளை விடப் பழகியது அங்கேதான். அஸ்மின் கூப்பிட்டபோது, வடக்குக்குத் திரும்ப ஒரு காரணம் கிடைத்ததென்று வந்துவிட்டாள். செட்டிகுளத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, கோடை முழுக்கக் கத்தியும் மண்வெட்டியுமாக அலைந்து இருவரும் தடத்தை முடித்தார்கள். மாசி மாதம் அதில் முதல் போட்டி நடக்கவிருந்தது.

மேலே பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த நிழலுக்குள் தடம் நெளிந்து தொடங்கும். அதுவரைக்கும் கொஞ்சம் பழகியவர் எவரும் வரலாம். பிறகு காடு விலகி வழுக்குப்பாறை வரும். கூரை மாதிரிச் சரிந்த ஒரே கருங்கல். அதில் முன் பிரேக்கைத் தொட்டால் ஆள் தலைகீழ். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, சைக்கிளை அதன்பாட்டில் விட வேண்டும். பாறை முடிகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வெட்டு. அங்கே இரண்டு சக்கரமும் காற்றில் நிற்கும். மண்ணைத் தொட்ட கையோடு இடப்பக்கமாகக் கொண்டை வளைவு. அதைத் தவறவிட்டால் நேரே சூரைமுள் பற்றை. வளைவுக்குப் பிறகு வேரும் உருட்டுக் கல்லுமாக அடிவாரத்து றோட்டு வரை மூச்சுவிட நேரம் இராது.

சுவடு அந்த வெட்டுக்குக் கீழே, அவளுடைய சக்கரம் வந்து விழும் அதே இடத்தில் தொடங்கியது. மேலே பாறையில் மண் துகள்கூட இல்லை. அங்கிருந்து நேராக வந்து, தடம் இடப்பக்கம் திரும்பும் இடத்தில் திரும்பாமல் பற்றைக்குள் போயிருந்தது. பற்றையில் ஒரு முள்ளும் முறியவில்லை.

கண்ணிவெடி நிலத்தில் முழந்தாளிட்டு இருந்த காலத்தில் மண்ணைப் பார்க்க அவளுக்கு நன்றாகப் பழக்கியிருந்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் என்றால் பக்கத்தில் காலடி இருக்க வேண்டும். காலடி இல்லை. ஏறி ஓடி வந்தவர் என்றால் அந்த வெட்டிலிருந்து விழுந்து கழுத்து முறிந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை.

கடைக்குப் போய் அஸ்மினிடம் சொன்னாள். அண்ணன் என்பதற்கு முஸ்லிம்கள் சொல்கிற நானா என்ற சொல்லால்தான் அவனைக் கூப்பிடுவாள். அவன் ஒரு சில்லுக்குக் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தான்.

"மரம் களவெடுக்கிற ஆக்களா இருக்கும், தங்கச்சி. முதிரைக் குத்தி கட்டிக்கொண்டு போயிருப்பாங்க."

"அந்த வெட்டாலையோ நானா?"

"அவங்க எதால போவாங்க எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றான். ஆனாலும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "அடுத்த மழைக்குப் பிறகு நானும் வாறன்."

அடுத்த மழைக்குப் பிறகு இருவரும் போனார்கள். அஸ்மின் மேலிருந்து இறங்குவதென்றும் பிரேமினி அடிவாரத்தில் நின்று பார்ப்பதென்றும் பேச்சு. அவள் றோட்டோரம் நின்றாள். மயில் ஒன்று எங்கோ அகவியது. வழக்கமாக அஸ்மின் கூவிக்கொண்டு வருவான். அன்று சத்தமே இல்லாமல் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்.

"நீங்க எனக்குப் பின்னால வந்தீங்களா?"

"நான் இங்கைதானே நிண்டனான்."

அவன் மலையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சைக்கிளைப் புல்லில் கிடத்திவிட்டு உட்கார்ந்தான்.

"பாறையில இருந்து பின்னால ஒரு சைக்கிள் வந்திச்சு. எண்ணெய் போடாத செயின். அந்தக் கிறீச் சத்தம் எனக்குத் தெரியாதா, முப்பது வருசமா கேக்கிற சத்தம். நான் வேகமாப் போனா அதுவும் வேகமா வருது." ஹெல்மெட்டைக் கழற்றினான். "ஒரு பிள்ளையும் கதைச்சிச்சு, தங்கச்சி. என்ன கதைச்சது எண்டு வெளங்கல்ல. எதையோ கேக்கிற மாதிரி. திருப்பித் திருப்பிக் கேக்கிற மாதிரி."

வீட்டுக்குப் போகும் வழியில் பள்ளிவாசலில் இறங்கிக்கொண்டான்.

இரண்டு பேரும் இதை வெளியே சொல்லவில்லை. போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட வருகிறவர்கள் பயிற்சிக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவன் செந்தூரன். ஓமந்தைப் பொடியன், கிளப்பிலேயே வேகமானவன், எதற்கும் பயப்படாதவன். அன்று பிரேமினி கொண்டை வளைவுக்குக் கொஞ்சம் கீழே நின்றாள். அவன் பாறையில் இறங்கும் சத்தமும், வெட்டில் பறந்து மண்ணில் விழும் சத்தமும் கேட்டன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு பிரேக் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தபோது செந்தூரன் பற்றை ஓரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். காறை எலும்பு முறிந்து தோலுக்குக் கீழே துருத்திக்கொண்டு நின்றது.

"ஏன் பிரேக் பிடிச்சனி? அதிலை பிடிக்கக் கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"பிடிக்காட்டி அடிச்சிருப்பன் அக்கா," என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு. "சைக்கிள்காரர் ஒருத்தர் முன்னுக்குப் போனவர். குழந்தைப்பிள்ளை முன்னுக்கு இருந்தது. நீங்கள் காணேல்லையோ? அவருக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

அவனை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க அந்த ஆளுக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தான். யாரும் இல்லையென்று சொல்லப் பிரேமினிக்கு மனம் வரவில்லை. "இல்லை, அவர் போயிட்டார்" என்றாள்.

அஸ்மின் தடத்தை மூடிவிடலாம் என்றான். "மனுசனுக்கு உடைஞ்சது தோள். அடுத்தவனுக்குக் கழுத்தா இருக்கும்."

"மூடினால் மட்டும் அவர் போறதை விட்டிடுவாரோ, நானா?"

அவன் செந்தூரனின் சைக்கிளில் வளைந்த சில்லைக் கழற்றத் தொடங்கினான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் தூறல் ஓய்ந்ததும், பிரேமினி தனியாக மலையேறினாள். பயம் இருந்தது. ஆனால் வெடி நிலத்தில் வேலை செய்தவளுக்குப் பயத்தோடு நடக்கத் தெரியும். பயம் வந்தால் கை மெதுவாக வேண்டும், கண் கூர்மையாக வேண்டும், அவ்வளவுதான். உச்சியில் சைக்கிளின் சீற்றைத் தாழ்த்திக்கொண்டாள். சிலுவைக் குறி போட்டாள். சைக்கிளை விட்டாள்.

மேல் காட்டுக்குள் எப்போதும் போல இருந்தது. ஈர இலையின் மணம், மரத்தில் தண்டணில் ஒன்றின் கத்தல், சக்கரத்துக்குக் கீழே சருகு நொறுங்கும் சத்தம். வளைவுகளில் உடம்பு தானாகச் சாய்ந்தது. பிறகு வெளிச்சம் வந்தது, பாறை வந்தது. மழை நீர் வழிந்து கருங்கல் கண்ணாடி மாதிரி மின்னியது. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினாள். விரல்களைப் பிரேக்கிலிருந்து எடுத்தாள். சக்கரம் தன் கனத்தில் இறங்கியது.

பாறையின் பாதியில் அவரைக் கண்டாள்.

அவளுக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. மங்கிய வெள்ளைச் சேட்டு, மடித்துக் கட்டிய சாரம். கரியரில் சாக்கால் சுற்றிய ஏதோ பாரமான சாமான், கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவருடைய இடது கைக்குக் கீழே ஒரு சின்னக் கால் தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பில்லாத கால். அவர் மெதுவாகத்தான் போனார். சாகசம் ஒன்றும் இல்லை. ஒடுங்கிய தெரு ஒழுங்கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிற தகப்பன் மாதிரிப் பார்த்துப் பார்த்துப் போனார். அவளோ பாறையின் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தாள். ஆனாலும் இடைவெளி குறையவில்லை.

வெட்டில் அவர் பறக்கவில்லை, விழவில்லை. அங்கே வெட்டே இல்லாத மாதிரி இறங்கினார். பிரேமினி பறந்தாள். மண்ணில் விழுந்தபோது முன் சக்கரத்தின் ஷொக் முழுக்க அமுங்கி எழும்பியது. செயினின் கிறீச் சத்தம் இப்போது காதருகில் கேட்டது. கூடவே பிள்ளையின் குரல். அஸ்மின் சொன்னது சரி, ஒரே கேள்விதான். அவளுக்கு விளங்கியது.

"அப்பா, இன்னும் தூரமோ?"

கொண்டை வளைவு. அவர் நேரே போனார். அவள் உடம்பை இடப்பக்கம் எறிந்து, பின் சக்கரம் சறுக்க, வளைவுக்குள் நின்றுவிட்டாள். நின்ற பிறகு பற்றைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பு இரும்பில் மோதும் சின்னச் சத்தம். சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுகிற சத்தம்.

அதற்குப் பிறகு காடு பேசாமல் இருந்தது.

அன்று மத்தியானமே அஸ்மினையும் கூட்டிக்கொண்டு கத்தியோடு திரும்பி வந்தாள். தான் பழகிய முறையில் முழந்தாளிட்டு, முள்ளைக் கிளை கிளையாக வெட்டி எடுத்து, மண்ணைக் கையால் தடவிப் பார்த்து, ஒரு ஆள் அகலத்துக்கு வழி எடுத்தாள். அஸ்மின் வெட்டிய முள்ளைப் பின்னால் இழுத்துப் போட்டான். பற்றை அவர்கள் நினைத்ததைவிட ஆழம். பொழுது சாயும் நேரம் உள்ளே ஒரு வீரை மரத்தடிக்கு வந்தார்கள்.

சைக்கிள் அங்கே நின்றது.

பழைய பெரிய சைக்கிள். டயர் உக்கிப்போய்ச் சக்கரத்தின் இரும்பு மட்டும் மண்ணில் புதைந்திருந்தது. சீற்றின் தோல் இல்லை, கம்பிச் சுருள் இருந்தது. பாரில் குழந்தைகளை வைக்கிற சின்னச் சீற் பூட்டியிருந்தது. கரியரில் துருப்பிடித்த கைத் தையல் மெஷின் ஒன்று, கட்டிய கயிறு போனபிறகும் அதே இடத்தில் இருந்தது. மரம் பருத்து ஹாண்டிலின் ஒரு பக்கத்தைத் தன் உடம்புக்குள் வாங்கியிருந்தது. எத்தனை வருடம் நின்றால் மரம் இரும்பை விழுங்கும்? ஆனால் சைக்கிள் விழவில்லை. யாரோ ஸ்டாண்டை ஒழுங்காகப் போட்டு, மரத்தோடு அணைத்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அல்லாஹ்," என்றான் அஸ்மின். இருவரும் அதைத் தொடவில்லை.

பொலிசுக்கு அறிவித்தார்கள். முறைப்படி எல்லாம் நடந்தது. நீதவான் வந்தார், கிராம சேவகர் வந்தார், மரத்தைச் சுற்றி மண்ணைக் கிண்டி அரித்தார்கள். எலும்பென்று சொல்ல ஒரு துண்டும் கிடைக்கவில்லை. ஒரு பித்தான், ஒரு சீப்புத் துண்டு, அவ்வளவுதான். பார்க்க வந்த யாரோ எடுத்த படம் ஃபேஸ்புக்கில் பரவியது.

அதன்பிறகு, சண்டைக் காலத்தில் தங்கள் ஆட்களைத் தொலைத்தவர்கள் வரத் தொடங்கினார்கள்.

ஓமந்தையிலிருந்து, கிளிநொச்சியிலிருந்து, முல்லைத்தீவிலிருந்து வந்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி, காட்டுக்குள் நடந்து, பிரேமினி வெட்டிய வழியால் ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்தார்கள். சிலர் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்கள். சிலர் மணி எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு கிழவர் சைக்கிள் சட்டத்தின் அடியில் இலக்கம் தேடினார், துரு அதைத் தின்றுவிட்டிருந்தது. பார்த்துவிட்டு எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். இல்லையென்றதில் சிலருக்கு ஆறுதல், சிலருக்கு ஏமாற்றம். இரண்டுக்கும் முகம் ஒன்றாகத்தான் இருந்தது.

விசுவமடுவிலிருந்து பத்மாசனி என்றொரு பெண் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, கையில் தண்ணீர்ப் போத்தல். அவர் மற்றவர்களைப் போல உடனே திரும்பவில்லை. மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். பிரேமினியும் பக்கத்தில் குந்தினாள்.

"என்ரை மனுசன் தொண்ணூற்றொன்பதிலை, சண்டைக்கு இடம்பெயரேக்கை, மூத்தவளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கத்தாலைதான் வந்தவர், பிள்ளை. எனக்கு அப்ப கடைசிப் பிள்ளை பிறக்கிற நேரம், ஆஸ்பத்திரியிலை இருந்தனான். மடு மாதா கோயிலடியிலை அகதியாய் இருக்க இடம் பாக்கிறன், நீர் பிறகு வாரும் எண்டவர். மெஷினைக் கட்டிக்கொண்டு போனவர். போற இடத்திலை நான் தைச்சுப் பிழைக்கலாம் எண்டு."

"அப்ப இது..."

"இல்லை." அவர் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்ரை மெஷின்ரை சில்லு இதைவிடப் பெரிசு. சைக்கிளும் அவரின்ரை இல்லை. அவர் பிள்ளைச் சீற் பூட்டேல்லை, பாரிலை துவாயைச் சுத்தித்தான் இருத்தினவர்."

பிறகு கையை நீட்டி ஸ்டாண்டைத் தொட்டார்.

"பயந்து ஓடுற ஆள் சைக்கிளை விழுத்திப்போட்டு ஓடுவான். இது வந்து எடுக்கிறன் எண்டு வைச்சிட்டுப் போனது, பிள்ளை. தண்ணி பாக்கப் போயிருப்பினம். இல்லாட்டி வழி பாக்க."

போகும்போது பிரேமினியின் ரெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டார். வேறு ஏதும் கிடைத்தால் சொல்லச் சொன்னார்.

உரியவர் வரும்வரை பத்திரமாக வைக்க வேண்டுமென்று சைக்கிளையும் தையல் மெஷினையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மரம் விழுங்கிய பகுதியை அரிந்துவிட்டு மிச்சத்தை எடுத்தார்கள். வீரை மரத்தில் இரும்புத் துண்டொன்று நீட்டிக்கொண்டு நின்றது. இனிச் சரி, தடம் சுத்தமாகிவிட்டது என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். செந்தூரனும் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனான். அஸ்மின்கூடக் கொஞ்சம் சிரிக்கத் தொடங்கியிருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு மழை பெய்தது.

மறுநாள் காலை பிரேமினி போனபோது டயர்ச் சுவடு இல்லை. காலடிகள் இருந்தன. வெறுங்கால். பெரியவர் ஒருவருடைய கால், அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் கால். வீரை மரத்தைச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தன. சைக்கிள் நின்ற இடத்தில் மண் உழக்கிக் கிடந்தது. அங்கிருந்து வளைவுக்குப் போய், தடத்தில் கொஞ்சத் தூரம் மேலே ஏறி, திரும்பி வந்து, பற்றையின் மற்றப் பக்கம் போய், மறுபடியும் மரத்தடிக்கு வந்திருந்தன. சில இடங்களில் சின்னக் கால் இல்லை. பிள்ளை களைத்ததும் தூக்கிக்கொண்டிருக்கிறார். அந்த இடங்களில் பெரிய கால் ஆழமாகப் பதிந்திருந்தது.

அவள் அஸ்மினைக் கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்தான். பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டான்.

"தேடுறாங்க," என்றான். "அவங்கட சாமான நாம எடுத்திட்டம், தங்கச்சி."

பிரேமினி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் யூட்சன், சண்டையின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்தடியில் சனத்துக்குள் அவளுடைய கையிலிருந்து நழுவிப் போனவன். அன்றிலிருந்து வீட்டார் அவனைத் தேடாத இடமில்லை. அம்மா புனிதம் ஏறாத அலுவலகம் இல்லை, நிற்காத வரிசை இல்லை. தேடுவது இருக்கிறவர்களின் வேலை என்றுதான் பிரேமினி நினைத்திருந்தாள். காணாமல் போனவர்களும் தேடுவார்கள் என்று, தாங்கள் வைத்த இடத்தில் வைத்தது இல்லாமல் சுற்றிச் சுற்றி நடப்பார்கள் என்று, அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அன்றே பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். வழக்கு முடியாமல் பொருளைத் தர முடியாது என்றார். வெளியே வரும்போது, முற்றத்து மூலையில் வேறு சைக்கிள்களுக்கு இடையில் அது ஹாண்டிலின் ஒரு பக்கம் இல்லாமல் கிடப்பதைக் கண்டாள். படுக்க வைத்திருந்தார்கள்.

கடைக்குத் திரும்பியதும் தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"நானா, இதுக்கு ஒரு ஸ்டாண்ட் போட்டுத் தாங்கோ."

மலையில் ஓடுகிற சைக்கிளுக்கு யாரும் ஸ்டாண்ட் போடுவதில்லை. கனம், கல்லில் தட்டும், பார்க்கிறவர் சிரிப்பார். அஸ்மின் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்தான். ஸ்டாண்டைப் பூட்டினான். பின்னால் ஒரு கரியரையும் பூட்டினான். பிறகு கடைக்குள் போய், கூரையிலிருந்து தொங்கிய சாமான்களுக்குள் தேடி, பாரில் பூட்டுகிற குழந்தைச் சீற் ஒன்றை எடுத்துவந்தான். அது அந்தச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை. வளைத்து, ரப்பர் வைத்து, பொருந்தும் வரை விடாமல் பூட்டினான். கடைசியில் தன் மகளை இருத்திப் பார்க்கிற மாதிரிக் கையால் அமுக்கிப் பார்த்தான்.

"ஆடாது," என்றான்.

பின்னேரம் இருவருமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், வீரை மரத்தடியில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்கள். அஸ்மின் செயினுக்கு எண்ணெய் விட்டான். பிரேமினி ஒரு போத்தல் தண்ணீரைக் கரியரில் கட்டினாள். "கொண்டு போங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் வந்தார்கள். மரத்தடியில் சைக்கிள் இல்லை.

யாரும் களவெடுத்திருக்கலாம் என்றுதான் அஸ்மின் முதலில் சொன்னான். பிரேமினி மண்ணைக் காட்டினாள். அவளுடைய டயரின் முரட்டுப் பற்கள் மரத்தடியிலிருந்து வளைவுக்கு வந்து, இந்தத் தடவை இடப்பக்கம் திரும்பியிருந்தன. இருவரும் அந்தச் சுவட்டின் பின்னால் நடந்தார்கள். தடத்தின் கடினமான பகுதி அது. அவளே அதில் ஒவ்வொரு நாளும் எங்காவது சறுக்குவாள். அந்தச் சுவட்டில் சறுக்கல் இல்லை. வேர்களுக்கு நடுவில், உருட்டுக் கல்லுகளுக்கு நடுவில், நல்ல பாரத்தோடு, அவசரமில்லாமல், ஒரே கோடாக இறங்கியிருந்தது. அவள் அதுவரை கண்டுபிடிக்காத ஒரு வழி கல்லுகளுக்குள் இருந்ததை அன்றுதான் கண்டாள்.

அடிவாரத்தில் றோட்டோரம் சைக்கிள் நின்றது. மடுப் பக்கம் பார்த்து, ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியிருந்தது. ஹாண்டிலிலும் சட்டத்திலும் பனித்துளி கோத்திருந்தது. சீற் மட்டும் காய்ந்திருந்தது. குழந்தைச் சீற்றும் காய்ந்திருந்தது. போத்தலில் தண்ணீர் இல்லை.

கிறவல் சரளை போட்ட றோட்டில் காலடி பதியாது. எவ்வளவு தூரம் போனார்கள் என்று பார்க்க வழியில்லை. அஸ்மின் கைகளை ஏந்தி மெதுவாக ஓதினான். பிரேமினி அந்த றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு லொறி வந்து, ஹோன் அடித்து, அவர்களைத் தாண்டிப் போனது.

அன்று மாலை பத்மாசனிக்கு ரெலிபோன் எடுத்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் நம்பினாரா என்று தெரியாது. பிறகு, "பிள்ளையும் கூடப் போச்சுதோ?" என்று கேட்டார். ஓம் என்றாள் பிரேமினி. "அது காணும், அது போதும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

போட்டி வைகாசிக்குத் தள்ளிப்போய் நடந்தது. வவுனியாவிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தோள் பொருந்திய செந்தூரன் மூன்றாவதாக வந்து, பிரேக்கைக் குறை சொன்னான். பிரேமினி கொண்டை வளைவில் கொடியோடு நின்றாள். ஒவ்வொரு சைக்கிளும் வெட்டில் பறந்து வந்து விழுந்து, வளைந்து, கீழே மறைந்தது. நடுவில் ஒன்றும் வரவில்லை. எல்லோரும் அவளுக்குக் கை கொடுத்தார்கள். அவளுக்குச் சந்தோசமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. ஆட்கள் குடிபெயர்ந்து போன வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனாள்.

அவளுடைய வீட்டார் இப்போது இருப்பது கரையிலிருந்து உள்ளே தள்ளி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில். சண்டைக்கு முன் இருந்த பழைய வீட்டு வளவு கரையோரத்தில் பாழாய்க் கிடக்கிறது. அங்கே யாரும் போவதில்லை. ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. பிரேமினி வழியில் ஒரு டின் பெயின்ற்றும் பிரஷும் வாங்கிக்கொண்டு வந்து, அம்மாவையும் கூப்பிட்டாள். புனிதம் ஒன்றும் விளங்காமல் பின்னால் வந்தார். எருக்கலையும் இராவணன் மீசைப் புல்லும் மூடிய வளவுக்குள் மணலில் கால் புதைய நடந்து சுவரடிக்கு வந்தார்கள். கடல் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது.

பிரேமினி டின்னைத் திறந்தாள்.

"என்னடி எழுதப் போறாய்?"

"நாங்கள் இப்ப இருக்கிற இடம், அம்மா. எந்த ஒழுங்கை, எந்தப் பக்கம் திரும்ப வேணும் எண்டு. அண்ணா வந்தால் இங்கைதானே வருவான். அவனுக்குப் புது வீடு தெரியாது."

புனிதம் மகளைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் படிந்திருந்த மணலையும் பாசியையும் உள்ளங்கையால் துடைக்கத் தொடங்கினார். பிரேமினி முதல் சொல்லை எழுதி முடித்ததும் அம்மா பின்னுக்குப் போய் நின்று பார்த்தார்.

"இன்னும் பெரிசா எழுது பிள்ளை," என்றார். "அவனுக்குத் தூரத்திலை கண் தெரியாது."